பங்களாப் பாட்டு வானத்தில் கேட்ட நாள்

ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் பழைய ஆங்கிலப் பாட்டுகள் போடுவார்கள் அல்லவா, அதில் எப்போதாவது ஒரு பாட்டு வரும். முதலில் கொட்டு, பிறகு கித்தார், நடுவில் நீளமாக ஒரு கொம்பு. அது வந்தால் அப்பா சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். "அப்பாவுக்கு ராக் அண்ட் ரோல் பிடிக்கும்லா, வெட்கப்படுறார்" என்று சின்னவன் உங்கள் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு வாயால் சொல்ல வராது. அதனால் எழுதிவைக்கிறேன். நேரம் இருக்கும்போது படித்துப் பாருங்கள் பிள்ளைகளே.

நான் பிறந்தது கோலசிலாங்கூர் பக்கம், ஆற்றோரத் தோட்டத்தில். என் அப்பா நான் தவழும் வயதிலேயே போய்விட்டார். அம்மாவும் நானும்தான். எனக்கு ஆறு ஏழு வயது இருக்கும்போது அம்மாவுக்கு இருமல் வந்தது. பிறகு இருமலோடு ரத்தம் வந்தது. தோட்டத்து லோரியில் அவளைக் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்னைக் கூட்டிப்போக உலு யாம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பெரியப்பா வந்தார். லோரியில் ஏறும்போது அம்மா என்னைத் தொடவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கையை மட்டும் ஆட்டினாள். என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பாவின் தோட்டம் வேறு மாதிரி இருந்தது. எமர்ஜென்சி என்று பெரியவர்கள் சொன்ன காலம் அது. வெள்ளைக்கார அரசாங்கத்தை எதிர்த்து, காட்டுக்குள் துப்பாக்கியோடு கம்யூனிஸ்ட் ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்பதற்காக, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் எல்லாவற்றையும் சுற்றி முள்கம்பி வேலி போட்டு ஒரே ஒரு கேட்டு வைத்திருந்தார்கள். அரிசியை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. பொதுச் சமையலறையில் ஆக்கிய சோற்றை, அடையாள அட்டையைக் காட்டித்தான் வாங்கிவர வேண்டும். அந்தச் சோற்றில் ஒரு பருக்கைகூடக் கேட்டைத் தாண்டக்கூடாது. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் வெறும் தண்ணீர்தான் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேர்ந்த புதிதில், சைக்கிள் பம்புக்குள் அரிசி வைத்திருந்தார் என்று ஒருவரைப் பிடித்து லோரியில் ஏற்றினார்கள். அவர் பெண்சாதி லோரிக்குப் பின்னாலேயே ஓடினாள். அந்த மனிதர் நான் அங்கே இருந்தவரை திரும்பி வரவில்லை.

அந்த வேலிக்குள் எனக்குக் கூட்டாளி என்று யாரும் கிடைக்கவில்லை. என் அம்மாவுக்குக் காசநோய் என்பது எனக்கு முன்னாலேயே லயத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. பிள்ளைகள் என்னோடு கோலி விளையாட வந்தால் தாய்மார்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே இழுத்துக்கொள்வார்கள். யாரும் என்னைத் திட்டியதில்லை. கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்திலும், டாக்டர் சீட்டு வரட்டும், பிறகு சேர்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். லயத்தில் கிறிஸ்தவ வேதக்காரர் வீடு எங்களுடையது ஒன்றுதான். மாரியம்மன் கோயில் திருவிழா என்றால்கூட நான் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவேன். காலையில் பெரியப்பாவும் பெரியம்மாவும் வெட்டுக்குப் போய்விட்டால், அவர்கள் வரும்வரை நான், ஒரு கோழி, அந்த வேலி. கோழியோடு எவ்வளவு நேரம் பேசுவது.

ஒரு நாள் யாரோ வந்து சொல்லி, பெரியப்பா வேலைக்குப் போகாமல் கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கோலாலம்பூருக்குப் போனார். மறுநாள் சாயங்காலம் தோளில் அம்மாவின் தகரப் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தார். கோட்டு முழங்கை வரைக்கும் செம்மண். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, குளிக்கப் போனவர் வெகுநேரம் வரவில்லை. பெரியம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. பெட்டி முன்னால் வந்துவிட்டது என்றால் ஆள் பின்னால் வருவாள் என்றுதானே அர்த்தம். அன்று முதல் தினமும் பெரியப்பாவிடம் ஒரே கேள்வி கேட்டேன். அம்மா எப்போது வருவாள்? அவர் பதில் சொல்ல வாயைத் திறப்பார். பிறகு வெற்றிலையை எடுத்துப் போட்டுக்கொள்வார்.

பாட்டு அந்தச் சமயத்தில்தான் ஆரம்பித்தது.

மேட்டுப் பங்களாவுக்குச் சீமையிலிருந்து ஒரு சின்னத்துரை புதிதாக வந்திருந்தார். மீசைகூடச் சரியாக முளைக்காத பையன். அவரிடம் ஒரு கிராமபோன் இருந்தது. தட்டுகள் பல இருந்திருக்கலாம், ஆனால் மத்தியானம் ஆனால் அந்த ஒரே பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போடுவார். தகரக் கூரைமேல் யாரோ ஓடுவது போலக் கொட்டு, அப்புறம் ஒரு ஆண் குரல், அது அழுகிறதா கூப்பிடுகிறதா என்று தெரியாது. கடைசியில் அந்தக் கொம்பு. ரப்பர் மரங்களுக்கு மேலாக இறங்கி வந்து எங்கள் வேலியில் மோதும். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். கேட்டுக் கேட்டு, கொம்பு எங்கே வரும் என்பதுகூட எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

டிரெஸ்ஸர் என்று தோட்டத்து மருந்தறையில் ஒருவர் இருந்தார். ஊசி போடுவார், இங்கிலீஷ் பேசுவார், எல்லாரையும் கிண்டல் செய்வார். பெரியப்பாவின் கால் புண்ணுக்கு மருந்து கட்டும்போது நானும் போயிருந்தேன். மேட்டில் பாட்டு ஆரம்பித்தது. அவன் என்னதான் சொல்கிறான் என்று பெரியப்பா பேச்சுக்குக் கேட்டார். டிரெஸ்ஸர் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காது கொடுத்தார்.

"ஒரு பய ஒரு பொண்ணுக்குப் பாடுறான். சூரியன் கறுத்துப் போனாலும், நிலா ரத்தமாச் செவந்தாலும், நட்சத்திரமெல்லாம் உதுந்து விழுந்தாலும், கொம்பு சத்தம் கேட்டதும் நான் வீட்டுக்கு வந்துருவேன், நீ வாசல்ல வந்து நில்லுங்கறான். வெள்ளைக்காரனுக்கும் காதல் வந்தா நம்மாளு மாதிரிதான்லா உளறுறான்."

டிரெஸ்ஸர் சிரித்தார். பெரியப்பா சிரிக்கவில்லை. புண்ணில் மருந்து எரிந்திருக்க வேண்டும், அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள் ஐயா என்றார். டிரெஸ்ஸர் சொன்னார். பெரியப்பா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார், கணக்குச் சரியாக வந்தவர் போல.

வேதத்தின் கடைசிப் புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறதாம். உலகம் முடியும் காலத்தில் சூரியன் கம்பளி போலக் கறுத்துப்போகும், நிலா ரத்தம் போல ஆகும், நட்சத்திரங்கள் காய் உதிர்வது போல உதிரும், வானத்தில் எக்காளம் ஊதும். அன்று ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் ஜெபம் பண்ணும்போது பெரியப்பா இதை எங்களுக்கு விளக்கினார். காதல் பாட்டு என்று டிரெஸ்ஸர் நினைக்கிறார், பாடுகிறவனும் நினைக்கலாம், ஆனால் யார் வாயில் எதை வைப்பது என்று கர்த்தருக்குத் தெரியாதா என்றார். அதோடு விடவில்லை. கடைசிக் காலத்தில் முத்திரை இல்லாதவன் வாங்கவும் முடியாது விற்கவும் முடியாது என்று இருக்கிறதாம். இப்போது அட்டை இல்லாமல் ஒரு அகப்பைச் சோறு வாங்க முடிகிறதா? வானத்திலிருந்து குரல் கேட்கும் என்று இருக்கிறதாம். இப்போது கேட்கவில்லையா?

அது உண்மை, கேட்டது. காட்டுக்கு மேலே ஒரு சின்ன ஆகாயக் கப்பல், விமானம்தான், வட்டம் போடும். அதன் வயிற்றில் ஒலிபெருக்கி. சீனத்திலும் மலாயிலும் பேசும், சில நாள் தமிழிலும் பேசும். வெளியே வாருங்கள், உங்களை ஒன்றும் செய்யமாட்டோம், உங்கள் குடும்பம் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று சொல்லும். காட்டில் இருந்தவர்களுக்குச் சொன்ன செய்தி அது. எனக்குச் சொல்வது போலத்தான் இருக்கும்.

பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சோறு ஆறுதுங்க. உலகம் முடியறதுக்குள்ள சாப்டுருங்க" என்றாள்.

நான் என் கேள்வியை மறுபடி கேட்டேன். அன்றைக்குப் பெரியப்பா வெற்றிலையைத் தேடவில்லை. என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். அதற்கு முன் அவர் அப்படிச் செய்ததில்லை.

"அந்தக் கொம்பு வானத்துலருந்து ஊதற அன்னைக்கு உங்கம்மா வருவா, தம்பி. நீயும் நானும் கண்ணால பாப்போம்."

பெரியம்மா எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நாங்கள் இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கவில்லை.

அன்று முதல் உலகம் முடிவதற்காக நான் காத்திருந்தேன். பயம் என்பதே கிடையாது. உலகத்தில் எனக்கு என்ன இருந்தது, பயப்படுவதற்கு? பாட்டு பங்களாவிலிருந்து வருகிறது, வானத்திலிருந்து வர வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. மத்தியானம் பாட்டு கேட்டால் பங்களாவைப் பார்க்காமல் மேலே பார்ப்பேன். கப்பல் வந்தால் கொம்பு ஊதுகிறதா என்று காதைத் தீட்டிக்கொள்வேன். நட்சத்திரங்கள் இருக்கின்றனவா என்று தினமும் பார்ப்பேன். உதிராமல் அப்படியே இருந்தன. எனக்குக் கோபம் கோபமாக வரும்.

பிறகு அந்த நாள் வந்தது. மழை கட்டிக்கொண்டு, சூரியன் அழுக்குத் துணிக்குப் பின்னால் இருப்பது போல மங்கிப்போன மத்தியானம். பெரியம்மா பொதுச் சமையலறையிலிருந்து சோறு வாங்கிவந்து என் பங்கை மங்குக் கிண்ணத்தில் போட்டு வைத்துவிட்டு, துணி எடுக்கப் போயிருந்தாள். பெரியப்பா முற்றத்தில் உட்கார்ந்து பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். காட்டுப் பக்கமிருந்து கப்பல் வந்தது. எப்போதும் போலக் கரகரவென்று ஒரு சத்தம். அதற்கப்புறம் பேச்சு வரவில்லை. கொட்டு வந்தது.

அதே பாட்டு. லயத்துக்கு மேலே, மரங்களுக்கு மேலே, மேகத்துக்குள்ளிருந்து வருவது போலப் பெரிதாக. ஒலிபெருக்கியைச் சோதித்துப் பார்த்தார்களோ, கப்பலில் இருந்த யாரோ ஒரு சிப்பாய் விளையாட்டாகப் போட்டானோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. பெண்கள் வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். ஒரு கிழவர் இடுப்பில் கைவைத்து ஆடிக்காட்டினார். எங்கள் வீட்டு முற்றத்தில் மட்டும், பெரியப்பா கத்தியைக் கீழே போட்டுவிட்டு, மேல்துண்டுகூட இல்லாமல் முழங்காலில் நின்றார். கண்கள் மூடியிருந்தன. உதடு அசைந்தது.

எனக்கு ஜெபம் பண்ண நேரமில்லை. வாசலில் வந்து நில் என்றுதானே பாட்டில் சொல்லியிருக்கிறது. வீட்டு வாசலில் நின்றால் அவளுக்கு எப்படித் தெரியும், அவள் இந்த லயத்தையே பார்த்ததில்லையே. கேட்டுக்கு வெளியே பஸ் நிற்கும் முச்சந்தியில்தான் நிற்க வேண்டும் என்று முடிவு பண்ணினேன். கிறிஸ்துமஸ் சட்டையைப் போட்டேன். அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவளுக்குப் பசிக்காதா என்று, என் பங்குச் சோற்றை ஒரு தூக்குச் சட்டியில் கொட்டி, அவளுக்குப் பிடித்த கருவாட்டுத் துண்டையும் மேலே வைத்து மூடினேன். கொம்பு ஊதிக்கொண்டிருக்கும்போதே ஓடினேன்.

பால் ஏற்றிய லோரி வெளியே போவதற்காகக் கேட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். காவலுக்கு நின்ற மலாய்க்காரப் போலீஸும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். லோரியோடு சேர்ந்து நானும் வெளியே போனேன். நாலு எட்டு வைத்திருப்பேன், விசில் கேட்டது. அவர் ஓடிவந்து என் தோளைப் பிடித்துத் திருப்பி, சட்டியின் மூடியைத் திறந்தார். சோற்றைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. காட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மலாயில் ஏதோ கேட்டார், மறுபடி கேட்டார், சத்தமாகக் கேட்டார். எனக்கு அப்போது மலாய் ஒரு சொல்கூடத் தெரியாது. சட்டியை மார்போடு கட்டிக்கொண்டு நின்றேன்.

உலகம் முடிகிறது என்று கண்ணை மூடி முழங்காலில் நின்ற என் பெரியப்பா, போலீஸ் விசில் கேட்டதும் எழுந்து ஓடிவந்தார். கர்த்தர் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. புண் காலோடு, வெற்று உடம்போடு, முழங்காலில் மண்ணோடு வந்து எனக்கும் போலீஸ்காரரின் துப்பாக்கிக்கும் நடுவில் நின்றார். போலீஸ்காரர் சட்டியைக் காட்டினார். பெரியப்பா இரண்டு கையையும் கூப்பினார். சைக்கிள் பம்புக்காரர் ஏறிய லோரி எனக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது. அம்மா வருகிற நேரத்தில் பெரியப்பாவைக் கொண்டுபோய்விடுவார்களே, பிறகு யார் அவளுக்கு அடையாளம் காட்டுவது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

இது யாருக்கு என்று பெரியப்பா என்னைத் தமிழில் கேட்டார். "அம்மாவுக்கு" என்றேன். "கொம்பு ஊதிருச்சில்ல பெரியப்பா."

அவர் என் தலையில் கை வைத்தார். பிறகு போலீஸ்காரர் பக்கம் திரும்பி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"எமாக் டியா... சூடா மெனிங்கால், துவான். டியா தா தாவு."

ஏதோ மரியாதையான பேச்சு என்று மட்டும் எனக்குப் பட்டது. போலீஸ்காரர் என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். யாரையும் கூப்பிடவில்லை, ஒன்றும் எழுதவில்லை. சட்டியை மூடி என்னிடம் கொடுத்தார். காவல் கொட்டகையிலிருந்த பெஞ்சைத் தூக்கிக் கேட்டுக்கு ஓரடி உள்ளே போட்டு, உட்காரச் சொல்லித் தட்டிக்காட்டினார். சோறு இப்போது வேலிக்கு உள்ளே இருந்தது. சட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை.

நான் உட்கார்ந்தேன். பெரியப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பெரியம்மா மடித்த துணிகளைக் கையில் வைத்துக்கொண்டே வந்தாள். எங்களைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள். என் மறுபக்கம் உட்கார்ந்தாள். பாட்டு எப்போதோ நின்றுபோயிருந்தது. கப்பல் காட்டுக்கு மேல் போய்ப் பழையபடி பேச ஆரம்பித்திருந்தது. மழை தூறிவிட்டு நின்றது. பஸ் வந்தது. கோணியோடு ஒரு சீனக் கிழவியும், எங்கள் லயத்து ஆள் ஒருவரும் இறங்கினார்கள். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் இருக்கிறதா என்று கேட்டேன். பெரியப்பா தலையாட்டினார். அது ஆம் என்பதா இல்லை என்பதா என்று தெரியவில்லை.

ஊரடங்கு நேரம் வந்தது. இருட்டுவதற்குள் கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார்கள், ஒரு நாளும் தாமதம் ஆனதில்லை. போலீஸ்காரர் சங்கிலியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டோரம் நின்றார். எங்களைப் பார்க்காமல் நின்றார். லயத்தில் விளக்குகள் ஏற்றிய பிறகும் கேட்டு திறந்தே இருந்தது. இன்றைக்கு இவருக்கு என்ன சோம்பேறித்தனம் என்று நினைத்தேன்.

கடைசியில் பெரியப்பாதான் எழுந்தார். "இன்னைக்கு இல்ல போல, தம்பி" என்றார். சங்கிலி சத்தம் எங்களுக்குப் பின்னால் கேட்டது.

அம்மா இனி வரமாட்டாள் என்பதை ஒரு வருஷம் கழித்து, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பெரியம்மா சொன்னாள். பெரியப்பா அன்று சொன்ன மலாய்ச் சொற்கள் அர்த்தம் இல்லாத சத்தமாக என் காதிலேயே கிடந்தன. பெரியவனாகி லோரியில் வேலைக்குப் போன பிறகு, கூட வந்த டிரைவர் ஒரு நாள் தன் தாயைப் பற்றிப் பேசும்போது அதே "சூடா மெனிங்கால்" என்ற சொற்களைச் சொன்னார். அவன் தாய் இறந்துவிட்டாள் ஐயா, அவனுக்குத் தெரியாது. என் தலைக்கு மேலே, என்னை வைத்துக்கொண்டே, பெரியப்பா சொன்னது அதுதான். வண்டியை நிறுத்தச் சொல்லி நான் இறங்கி ரோட்டோரம் நின்றேன்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல. அந்தப் பெஞ்சில் இருந்த எல்லாரிலும் அதிகமாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் இல்லை, பெரியப்பா. நான் நடுவில் பெரியம்மா மடியில் சாய்ந்தேன், எறும்பைப் பார்த்தேன், கருவாட்டைக் கொஞ்சம் பிய்த்துத் தின்றேன். அவர் கண் முச்சந்தியை விட்டு நகரவே இல்லை. பஸ் நேரம் தெரிந்தவர், அதனால் பார்க்கிறார் என்று நினைத்தேன். கோட்டில் செம்மண் படிய அம்மாவைக் குழிக்குள் இறக்கிவிட்டு வந்த மனிதர் அவர் என்பது எனக்கு அப்போது தெரியாது.